வெள்ளையங்கிக்காரன் வாயே திறக்கவில்லை

எங்கள் வனஜா அண்ணியிடம் புருவம் திருத்திக்கொள்ள வருகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நாற்காலியில் சாய்ந்து, ஒரு கையால் இமையையும் இன்னொரு கையால் நெற்றியையும் இழுத்துப் பிடித்துவிட்டால் அப்புறம் நீங்கள் பேச முடியாது. தலையாட்டவும் முடியாது. ஆட்டினால் புருவம் கோணிக்கொள்ளும். அண்ணி நூலின் ஒரு முனையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவள். அவள் வாய் சும்மாதான் இருக்கும். எனவே அவள் பேசுவாள், நீங்கள் கேட்பீர்கள். லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிறது எங்கள் பார்லர். அங்கே வந்துவிட்டு, அந்தச் சீன நாடகத்தைப் பற்றிய அண்ணியின் அபிப்பிராயம் தெரியாமல் ஒருத்தி படியிறங்கினாள் என்றால் அவள் முடி வெட்ட வந்தவளாகத்தான் இருக்க வேண்டும். முடி வெட்டுவது என் வேலை.

நான் புவனா. வனஜா அண்ணி என் சின்ன அண்ணன் நடேசனின் மனைவி. அண்ணன் வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நான் அண்ணனோடு போகவில்லை, அண்ணியோடு தங்கிவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும். செங்காங்கில் அடுத்தடுத்த புளோக்கில் குடியிருக்கிறோம், காலையில் ஒரே ரயிலில் ஏறி ஃபேரர் பார்க்கில் இறங்குகிறோம், மத்தியானம் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறோம். கூடப் பிறந்தவன் எனக்கு இவ்வளவு செய்ததில்லை.

அந்த நாடகத்தைச் சொல்கிறேன். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் அண்ணி போனைக் கண்ணாடி மேல் சாய்த்து வைத்துப் பார்ப்பாள். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். தேவலோகத்தில் ஓர் அணையா விளக்கு இருக்கிறது. அதற்கு எண்ணெய் ஊற்றிக் காப்பவள் ஒரு பெண். பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, அதனால் விளக்குப் பொண்ணு. அவளைக் காதலிப்பவன் தேவர்களின் படைத்தளபதி. எப்போதும் வெள்ளை அங்கி, இடுப்புவரை தலைமுடி. அவன் வெள்ளையங்கிக்காரன். அந்த விளக்கை அவன் சொந்தத் தம்பியே திருடிவிடுகிறான். குலத்தின் மானம் போய்விடுமே என்று இந்த மகராசன், "இந்தப் பெண்தான் எடுத்தாள், நான் பார்த்தேன்" என்று சபையில் பொய்ச்சாட்சி சொல்கிறான். அவளைப் பனிமலைக்குத் துரத்துகிறார்கள். ஐந்நூறு வருஷம். அதற்குப் பிறகு இவனுக்கு மனசு கேட்கவில்லையாம். மலையடிவாரத்தில் வந்து நிற்கிறான். பதினெட்டாம் பாகத்திலிருந்து நின்றுகொண்டே இருக்கிறான்.

"இடிமேல இடி வாங்குறான், ரத்தம் ரத்தமா கக்குறான், ராத்திரி பகலா புல்லாங்குழல் வாசிக்கிறான். எல்லாத்துக்கும் நேரம் இருக்கு. 'நான் பொய் சொன்னேன்'னு சொல்ல மட்டும் வாய் வரல. வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கான்?" என்பாள் அண்ணி. நூல் சரக் சரக்கென்று ஓடும். நாற்காலியில் படுத்திருப்பவள் கண்ணில் நீர் வழியும். அது நூலினால்.

குறை மட்டும் சொன்னாள் என்று நினைக்காதீர்கள். விளக்குப் பொண்ணு நன்றாக நடிக்கிறாள், அழும்போது மூக்குச் சிவக்கிறது, அதுதான் நிஜ அழுகை என்பாள். துணிமணி அருமை என்பாள். பனிதான் சோப்பு நுரை மாதிரி இருக்கிறது, செலவு செய்யாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்பாள். அவளுக்குப் பொறுக்காதது ஒன்றுதான். பனிமலைக்கு வருகிற ஒவ்வொருத்தரும், தோழியிலிருந்து நரிக்குட்டி வரைக்கும், அந்தப் பெண்ணிடம் போய், "பாவம், எவ்வளவு நேரமா நிக்கிறார், மன்னிச்சுடு" என்கிறார்கள். "அந்த நரிக்கு என்ன வந்துச்சு? இவ ஐந்நூறு வருஷம் நின்னாளே, அப்ப எங்க போச்சு அது?" என்று ஒருநாள் அண்ணி போட்ட சத்தத்தில் கீழே பூக்கடைக்காரர் படியேறி வந்து என்ன ஏது என்று விசாரித்தார்.

அவள் ஏன் அப்படிக் கொதித்தாள் என்று எனக்குத் தெரியும்.

என் அண்ணன் போனது இன்னொருத்தியோடு. எல்லை தாண்டி ஜொகூரில் வீடெடுத்துத் தங்கினான். ஆனால் சொந்தக்காரர்களிடம் அவன் சொன்ன கதை வேறு. வனஜா சந்தேகக்காரி, அவள்தான் சட்டை துணியை வாசலில் எறிந்து தன்னைத் துரத்தினாள், பூட்டை மாற்றிவிட்டாள் என்றான். ஒரு வருஷம் நானும் நம்பினேன். அப்புறம் ஜொகூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவனையும் அந்தப் பெண்ணையும் கண்ணெதிரே பார்த்துவிட்டு வந்துதான் அண்ணி வீட்டுக் கதவைத் தட்டினேன். நான் பார்த்ததைச் சொன்னதற்கு, இவள் துரத்தியதால்தான் அவன் அவளிடம் போனான் என்றார்கள்; மற்றவர்கள் நம்பியது நம்பியதுதான். அண்ணியின் மகள் நிரஞ்சனாவுக்கு அப்போது பதினேழு வயது. "உங்கம்மா என்னை உள்ள விட மாட்டேங்குறா, செல்லம்" என்று அப்பன் போனில் அழுதான். அவள் நம்பினாள். அண்ணி எத்தனையோ தடவை எடுத்துச் சொன்னாள். "நீங்க உங்க சைடைச் சொல்றீங்க" என்று முடித்துவிட்டாள் பெண்.

வீட்டோடு இருந்த அண்ணி, புருவம் எடுக்கக் கற்றுக்கொண்டாள். மகளைப் படிக்க வைத்தாள். வீட்டைக் கைவிடாமல் காப்பாற்றினாள். தீபாவளிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், புருஷனைத் துரத்தியவள் என்று பார்க்கும் பார்வையையும் பார்த்துவிட்டு, முறுக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது நிரஞ்சனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கபிலன் தங்கமான பையன். அண்ணனோடு இருந்த பெண் போய்விட்டாள், அண்ணனுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, உட்லண்ட்ஸில் ஒரு வாடகை அறையில் கிடக்கிறான். மகள் கல்யாணத்தை ஒட்டி வீடு திரும்ப வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசையை அண்ணியிடம் வந்து சொன்னானா? அதுதான் கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் புளோக்குக்குக் கீழே மழையில் வந்து நின்றான். கையில் புட்டு மாயம் என்கிற இடியாப்பப் பொட்டலம். இரண்டு எட்டு வைத்தால் கீழ்த்தளத்து வாய்ட் டெக் கூரை இருக்கிறது. வைக்கவில்லை. எல்லாரும் பார்க்கிற மாதிரி, சொட்டச் சொட்ட, மேலே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். எதிர்வீட்டு சீன ஆன்ட்டி அண்ணியைத் தாழ்வாரத்தில் பிடித்து, "வனஜா, யுவர் ஹஸ்பண்ட் வெரி வெட் லா" என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த வாரமே ஆள் மாற்றி ஆள் அண்ணிக்குப் போன். "எவ்வளவு நேரமா மழையில நின்னாராம், மன்னிச்சுடு வனஜா." நரிக்குட்டிகள்!

கடைசியில் பெரியண்ணி கமலவேணியே பார்லருக்கு வந்துவிட்டாள். என் பெரிய அண்ணன் பாலகிருஷ்ணனின் மனைவி. எங்கள் குடும்பத்தில் எதுவும் அவளைக் கேட்காமல் நடக்காது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவள் நடத்திவிடுவாள். புருவம் எடுக்க வேண்டும் என்று நாற்காலியில் சாய்ந்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

"வனஜா, கோவத்தை விடு. பொண்ணைத் தாரை வார்க்க அப்பா வேணாமா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"நீங்களும் பெரிய அத்தானும் உக்காருங்கக்கா. நான் சந்தோஷமா தட்டு எடுத்துக் குடுக்குறேன்."

"அப்பா உயிரோட இருக்கும்போதா? நல்லா இருக்கே நாயம்! அவன் வந்து நிக்கிறான்ல?"

"நிக்கிறாரு. நிக்கிறதைத் தவிர வேற என்ன செய்றாரு? சாய்ஞ்சுக்குங்கக்கா, இன்னொரு புருவம் பாக்கி இருக்கு."

பெரியண்ணி சாய்ந்தாள். அண்ணி அந்தப் பக்கப் புருவம் முடியும்வரை வெள்ளையங்கிக்காரனின் கதையை முதல் பாகத்திலிருந்து சொன்னாள். பெரியண்ணி கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தபடி கேட்டாள். போகும்போது என்னை மட்டும் தனியே அழைத்து, "டிராமா பாத்து இவளுக்குப் புத்தி கெட்டுப்போச்சு புவனா. நான் பாத்துக்குறேன்" என்றாள்.

கடைசிப் பாகம் வந்த அன்று நிரஞ்சனா பார்லரில் இருந்தாள். கல்யாணத்துக்குக் கொண்டை எப்படி வரும் என்று நான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம். விளக்குப் பொண்ணு குடிசையை விட்டு வெளியே வருகிறாள். வெள்ளையங்கிக்காரன் பனியில் விழுந்து கிடக்கிறான். அவள் கையை நீட்டுகிறாள். எங்கிருந்தோ பூ கொட்டுகிறது. பாட்டு ஆரம்பித்துவிட்டது, இருவரும் வாளில் ஏறிப் பறந்துவிட்டார்கள்.

நிரஞ்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஸோ ஸ்வீட் லா."

"என்ன ஸ்வீட்டு?" அண்ணி போனைக் கவிழ்த்து வைத்தாள். "முப்பத்தாறு பாகம் பாத்தேன். கடைசி வரைக்கும் அவன் சொல்லவே இல்ல. அவளும் கேக்கல. எழுதினவனுக்குக் கை கூசல?"

"மா, ஹீ ஆல்ஸோ ஸஃபர்ட். அவனும் ஐந்நூறு வருஷம் தனியாத்தான் இருந்தான்."

"அவன் அரண்மனையில தனியா இருந்தான். இவ பனியில தனியா இருந்தா. ரெண்டும் ஒண்ணா? ஊரு முழுக்க இவ திருடின்னுதான இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கு? இவ போய் அவன் கையைப் பிடிச்சுட்டா என்ன அர்த்தம்? திருடிக்கு அவன் பெரிய மனசு பண்ணி வாழ்க்கை குடுத்தான்னுதான அர்த்தம்?"

"நீங்க டிராமாவைப் பத்திப் பேசுறீங்களா, அப்பாவைப் பத்தியா?"

"டிராமாவைப் பத்தித்தான். உங்கப்பாவைப் பத்தின்னா இவ்வளவு மரியாதையா பேச மாட்டேன்."

நிரஞ்சனா பாதிக் கொண்டையோடு எழுந்துவிட்டாள். "நீங்கதான் அவரை வெளிய அனுப்புனீங்க. இப்ப கல்யாணத்துக்குக்கூட விட மாட்டேங்குறீங்க. இது என் வெட்டிங் மா!" என்று கத்திவிட்டுப் படியிறங்கிப் போனாள். அவள் தலையில் நான் குத்திய ஊசிகள் படியெல்லாம் விழுந்தன. அண்ணி ஊசிகளைப் பொறுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, நூலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அழுதாள். அழுதுகொண்டே அடுத்து வந்தவளைச் சாயச் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணனை, பெரியண்ணியை, அந்த நாடகத்தை எழுதினவனை எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து மொட்டையடிக்க வேண்டும் போலிருந்தது.

பெரியண்ணி பார்த்துக்கொண்ட லட்சணம் முகூர்த்தக்கால் நடும் அன்று தெரிந்தது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைத் தாரை வார்க்கப்போகிற தம்பதிக்கும் முகூர்த்தக்கால் அன்றே மஞ்சள் காப்புக் கட்டிவிடுவார்கள். கட்டினவர்கள் கல்யாணம் முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை அந்த வீட்டில்தான் தங்க வேண்டும், வேறு வீட்டில் தலை வைத்துப் படுக்கக்கூடாது. யாரும் அவர்களைப் போகச் சொல்லவும் கூடாது. அண்ணி, பெரியண்ணனும் பெரியண்ணியும்தான் கட்டிக்கொள்வார்கள் என்று முடிவு செய்து, அவர்களுக்கு அறையெல்லாம் ஒழித்து வைத்திருந்தாள். தாழ்வாரத்தில் பெயின்ட் வாளியில் மணல் நிரப்பி, மூங்கில் கழியை நட்டு, மாவிலை கட்டியாகிவிட்டது. ஐயர் தேங்காயை உடைத்தார். அப்போது லிஃப்ட் திறந்தது. என் அண்ணன் நடேசன் பட்டு வேட்டியில் வந்து இறங்கினான். பின்னால் பெரிய பெட்டி ஒன்று சக்கரத்தில் உருண்டு வந்தது.

"நல்ல நேரத்துல வந்துட்டான். ஐயரே, பொண்ணோட அப்பா அம்மாவுக்குக் கட்டுங்க" என்றாள் பெரியண்ணி, ஏதோ அவளுக்கே இப்போதுதான் தெரிந்த மாதிரி.

எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணிக்கு எனக்கு முன்னாலேயே புரிந்திருக்கும். காப்பைக் கட்டிவிட்டால் அண்ணனை வெளியே அனுப்ப முடியாது. கல்யாணம் முடிந்து காப்பை அவிழ்க்கும்போது பெட்டியில் இருந்த துணியெல்லாம் அலமாரிக்கு ஏறியிருக்கும். புருஷனைத் துரத்திய வனஜா மனசு மாறிச் சேர்த்துக்கொண்டாள் என்று ஊரே மெச்சும். அந்தப் பொய் காலத்துக்கும் நிஜமாகிவிடும். வீடு நிறைய ஜனம், மாப்பிள்ளை வீட்டார் வேறு. இவ்வளவு பேர் முன்னால் அவள் வாய் திறக்க மாட்டாள் என்பதுதான் பெரியண்ணியின் கணக்கு.

நிரஞ்சனா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மா, ப்ளீஸ். எனக்காக."

அண்ணி மகளைப் பார்த்தாள். அப்புறம் அண்ணனைப் பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"கட்டிக்கலாங்க. ஒரே ஒரு விஷயம். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நான் உங்களை வீட்டை விட்டுத் துரத்துனேனா? ஆமா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

அண்ணன் சிரிக்கப் பார்த்தான். "நல்ல நாள் அதுவுமா பழசை எதுக்குக் கிளறுற வனஜா?"

"கிளறல. கேக்குறேன்."

"என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். என் பொண்ணுக்குத் தெரியாது."

ஐயர் காப்புக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் மூங்கில் கழியைப் பார்த்தார். அண்ணன் பெட்டியின் கைப்பிடியை மேலே இழுத்தான், கீழே அமுக்கினான், மறுபடி இழுத்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலையேன்டா என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அண்ணி கையை நீட்டியிருப்பாள். இன்றைக்கும் நான் அடித்துச் சொல்வேன்.

நிரஞ்சனாதான் கேட்டாள். "அப்பா, சொல்லுங்கப்பா. அம்மா உங்களைத் துரத்துனாங்களா?"

"உங்கம்மாவுக்கு எப்பவுமே வாய் ஜாஸ்திடா செல்லம்."

"நான் அதைக் கேக்கல."

அவன் தரையைப் பார்த்தான். நிரஞ்சனா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணெதிரே ஒன்பது வருஷமும் தலைகீழாகப் புரண்டுகொண்டிருந்தது. ஆனால் குரல் அவள் அம்மாவின் குரல் மாதிரியே வந்தது.

"ஐயரே, பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் கட்டுங்க."

பெரியண்ணியின் முகம் செத்துவிட்டது. மாற்றுப் புடவைகூட எடுத்து வரவில்லை அவள். ஏசி இல்லாமல் கண் மூட மாட்டாள், அண்ணி வீட்டில் காற்றாடிதான். ஆனாலும் சபையில் மாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்? கையை நீட்டினாள். பெரியண்ணனும் நீட்டினார். நிரஞ்சனா அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி அழுதாள். அண்ணி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "பூ கசங்குதுடி, பூ கசங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் பெட்டியை உருட்டிக்கொண்டு லிஃப்டுக்குப் போனான். கூடப் பிறந்த பாவத்துக்கு நான் பின்னால் போனேன்.

"உன் அண்ணி கல்நெஞ்சுக்காரி புவனா" என்றான். "இவ்வளவு பேரு முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்டா."

"ஒரு வார்த்தைதானண்ணே கேட்டாங்க. சொல்லியிருந்தா என்ன?"

அவன் என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தான். "நான் சொல்லணும்னு எனக்கு யாரும் சொல்லலையே" என்றான்.

அவன் சொன்னது உண்மை. பெரியண்ணி அண்ணியிடம் வந்தாள். அத்தைகள், சித்திகள் அண்ணிக்குப் போன் போட்டார்கள். எதிர்வீட்டு ஆன்ட்டி அண்ணியிடம் சொன்னாள். நான்கூட ஒருநாள் ரயிலில், "யோசிச்சுப் பாருங்கண்ணி" என்றேன். மன்னிக்கச் சொல்லி அவளிடம் அத்தனை பேர் போனோம். உட்லண்ட்ஸ் வாடகை அறைக்கு, "போய் மன்னிப்புக் கேள்" என்று சொல்ல ஒரு நாதி போகவில்லை.

லிஃப்ட் வந்தது. அவன் பெட்டியை உள்ளே தள்ளினான். நான் கதவு மூடாமல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப நான் சொல்றேன். உள்ள போ. அவங்ககிட்ட கேளு. நிரஞ்சனாகிட்டயும் கேளு. போண்ணே."

அவன் என் தோளுக்கு மேலே எட்டி, தாழ்வாரத்தைப் பார்த்தான். மேளக்காரர் வாசிக்க ஆரம்பித்திருந்தார்.

"இப்பவா?" என்றான். "எல்லாரும் இருக்காங்களே."

நான் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.